கல்லடியில் எங்கள் ஒழுங்கைக் கடை: சாமான் விலையும் கொரோனாக் கணக்கும் ஒரே பலகையில்

இது 2021 செப்டெம்பர் கடைசி வாரம். ஓகஸ்ட் 20 இரவு 10 மணிக்கு ஊரடங்கு போட்டபோது 30ஆம் திகதி காலை வரைக்கும்தான் என்றார்கள். பிறகு செப்டெம்பர் 6 என்றார்கள், பிறகு 13, பிறகு 21, இப்போது ஒக்டோபர் 1 காலை 4 மணி. இந்த ஐந்து கிழமையும், இதற்கு முதல் மே 21இல் இருந்து ஜூன் 21 வரை நீடித்த பயணத்தடைக் காலமும், எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது மட்டக்களப்புக் கல்லடியில் கடற்கரைப் பக்கம் இருக்கிற ஒரு சின்னப் பலசரக்குக் கடையால். எந்தக் கடை, எப்படிச் சாமான் எடுக்கிறீர்கள் என்று பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கிற நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கடையின் பெயரைப் போடவில்லை. போடவேண்டாம் என்று கடைக்கார அண்ணனே கேட்டுக்கொண்டார். இப்போது வைத்திருக்கிற வீடுகளுக்கே ஒழுங்காகக் கொடுத்து முடிக்க இரவாகிறது, புது ஆக்களை எடுத்துவிட்டு ஏமாற்றக்கூடாது என்கிறார். எங்கள் பக்கத்து ஆக்களுக்குப் படித்தவுடனே எந்தக் கடை என்று தெரிந்துவிடும், அது போதும்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு 71 வயது, சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. தம்பி டோகாவில். அம்மாவை விட்டுவிட்டு நான் வரிசையில் நின்று தொற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு 2020 மார்ச்சிலேயே தொடங்கியது, இன்றைக்கும் போகவில்லை. அதனால் முதலில் பெரிய கடைகளைத்தான் நம்பினேன். மே மாதம் ஒரு பெரிய நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஓடர் போட்டு, காசும் கார்ட்டில் கட்டி, பத்து நாள் காத்திருந்து, வந்தது பாதிச் சாமான், மீதிக் காசு திரும்பி வர இன்னும் மூன்று கிழமை. போன் எடுத்தால் பாட்டுத்தான் கேட்கும். பருப்பு முடிந்து, அரிசியும் அடியில் நிற்கிற அன்றைக்குத்தான் ஒழுங்கை முனையில் இருக்கிற இந்தக் கடையின் ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் நெருப்புப் பெட்டியும் நுளம்புத்திரியும் வாங்கத்தான் அங்கே போயிருக்கிறேன்.

ஓடர் கொடுக்கிற விதம் மிகச் சுலபம். காலை 8 மணிக்கு முதல் வட்ஸ்அப்பில் சாமான் பட்டியலை அனுப்பவேண்டும். எழுதத் தெரியாத ஆக்கள் குரலில் சொல்லி அனுப்பலாம், போன் எடுத்தும் சொல்லலாம், பக்கத்து வீட்டு ஆச்சி எழுதிக் கொடுத்த துண்டை நானே படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். பத்து மணிக்குள் "இது இருக்கு, இது இல்லை, இதுக்குப் பதிலாக இது தரலாம், வேணுமா" என்று பதில் வரும். கேட்காமல் மாற்றி அனுப்புகிற பழக்கம் இல்லை, எனக்கு இந்தக் கடையில் முதலில் பிடித்தது அதுதான். மண்முனை வடக்கு பிரதேச செயலகத்தில் பாஸ் எடுத்த ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து படலையில் தொங்கவிட்டு, ஹோர்ன் அடித்துவிட்டுத் தள்ளி நிற்பான். பில்லைப் பார்த்துச் சரி என்றால்தான் போவான். கல்லடிக்குள் கொண்டுவந்து தரக் கூலி இல்லை. காசை வங்கியில் போடலாம், கையில் கொடுப்பதென்றால் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொடுக்கவேண்டும்.

சாமானின் தரத்தைச் சொன்னால், பருப்பு, கடலை, மல்லி, கொச்சிக்காய்த் தூள் எல்லாம் சுத்தம். தூளை அவர்களே வறுத்து இடிக்கிறார்கள், பையைத் திறந்தால் குசினி முழுக்க வாசம் வரும். கருவாடு இரண்டு தடவை எடுத்தேன், உப்புக் கொஞ்சம் கூட, ஆனால் மண் இல்லை. சிவப்பு நாட்டரிசியில் ஒருதடவை கல் இருந்தது. சொன்னேன், அடுத்த நாளே மாற்றித் தந்தார்கள். அது நல்லதுதான், ஆனால் மாற்றி வந்த அரிசியிலும் இரண்டு கல் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மரக்கறிக்கு இந்தக் கடையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தக்காளியை அடியில் போட்டு மேலே தேங்காயை வைத்து அனுப்பினால் என்ன மிஞ்சும்? மரக்கறியை வீதியால் வருகிற பட்டா என்கிற சின்ன லொறியில் எடுங்கள்.

விலை விஷயத்தில்தான் கடைக்காரரின் குணம் தெரியும். ஓகஸ்டில் சீனி 200 ரூபாயையும் தாண்டிப் போனதும், செப்டெம்பர் தொடக்கத்தில் வெள்ளைச் சீனி கிலோ 122 ரூபாய் என்று அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை போட்டதும் எல்லாருக்கும் தெரியும். கூடின விலைக்கு வாங்கி வைத்திருந்த சின்னக் கடைகளுக்கு அது பெரிய அடி. பல இடங்களில் "சீனி இல்லை" என்று சொல்லிவிட்டு, தெரிந்த ஆளுக்கு உள்ளே கூப்பிட்டுப் பழைய விலைக்குக் கொடுத்தார்கள். இவர் கையில் இருந்த கடைசிச் சீனியைக் கட்டுப்பாட்டு விலைக்கே கொடுத்து முடித்துவிட்டு, புதுச் சீனி வரும்வரை இல்லை என்று பலகையில் எழுதிவிட்டார். வந்தபிறகு வீட்டுக்கு ஒரு கிலோ. பால்மா வந்தபோது குழந்தை இருக்கிற வீடுகளுக்கு மட்டும் என்று வைத்தார், எங்களுக்குக் கிடைக்கவில்லை. அம்மாவுக்குப் பால் தேத்தண்ணி இல்லாவிட்டால் விடியாது, அதனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மை. எதிர்வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது என்று நினைத்ததும் அடங்கிவிட்டேன்.

இப்போது பலகைக்கு வருகிறேன். நான் இவ்வளவும் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை. இடது பக்கம் அன்றைக்கு இருக்கிற சாமானும் விலையும். வலது பக்கம் கொரோனாக் கணக்கு. உயர்தரப் பரீட்சை தள்ளிப்போய் வீட்டில் இருக்கிற அவருடைய மூத்த மகள்தான் வெண்கட்டியால் எழுதுகிறாள். ஊரடங்கில் வாசலுக்கு யாரும் வரமுடியாது என்பதால் பின்னேரம் 7 மணி போல பலகையைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவார்கள். தொலைக்காட்சியில் செய்தி தொடங்கும் நேரத்துக்கு அது என் போனுக்கு வந்துவிடும்.

அந்த நேரம் எங்கள் வீட்டில் முன்பு எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் இதன் அருமை விளங்கும். ஓகஸ்ட் மாதம் நாட்டில் ஒரு நாளைக்கு மரணம் 200ஐத் தாண்டியது. டோகாவில் இருந்து தம்பி எடுப்பான், "அக்கா, இண்டைக்கு இருநூறு பேராம், அம்மாவை வெளியில விடாதீங்க." அம்மா அதைக் கேட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிடுவார். சீனி வருத்தக்காரர் சாப்பிடாமல் மருந்து எடுத்தால் என்ன ஆகும் என்று வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒரு இரவு 2 மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்துத்தான் ஆளை எழுப்பினேன். அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தொற்று இல்லை. கொழும்பில் இருந்து வந்த ஒரு எண்ணிக்கை, கட்டார் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, கல்லடியில் என் அம்மாவைக் கிடத்திவிட்டது.

எண்ணிக்கைக்கும் பயத்துக்கும் எப்போதும் பொருத்தம் இருந்ததில்லை. 2020 ஜனவரி 27ஆம் திகதி நாட்டில் முதல் தொற்றாளர், சீனாவில் இருந்து வந்த ஒரு பெண், என்று சொன்னபோது ஊரில் மாஸ்க் முடிந்துவிட்டது. மார்ச் 20ஆம் திகதி முதல் ஊரடங்கு போட்டபோது நாடு முழுக்கவும் நூறு தொற்றாளர்கூட இல்லை, ஆனால் அம்மா சில்லறைக் காசையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். அந்த ஒக்டோபர் தொடங்கும்போது மொத்த மரணம் 13. மினுவாங்கொடை, பேலியகொடைத் தொற்றுக் கொத்தணிகள் வந்தபிறகு எல்லாம் மாறியது. இந்த ஓகஸ்டில் ஒரே நாளில் 200 பேர் என்கிறபோது ஒழுங்கையில் பாதிப்பேர் "பாண் வண்டி வந்ததா" என்று கேட்டுக்கொண்டு மாஸ்கை நாடியில் இறக்கிவிட்டு நிற்கிறார்கள். ஒருபக்கம் என் அம்மா மாதிரி சாப்பாட்டை விட்டவர்கள், மறுபக்கம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவர்கள், நடுவில் "எல்லாம் பொய்க் கணக்கு" என்று சொல்கிறவர்கள். மூன்று கூட்டத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். எங்கே, எப்போது, எத்தனை பேரைச் சோதித்து என்று எதுவும் சொல்லாமல் தினமும் ஒரு எண்ணை மட்டும் தலையில் போட்டால் மனிதர் இப்படித்தான் ஆவார்கள்.

அந்தப் பிள்ளை பலகையில் செய்தது இதுதான். முதல் வரியில் நாட்டு எண்ணிக்கை, அதற்குப் பக்கத்தில் ஏழு நாள் சராசரி. இரண்டாவது வரியில் மட்டக்களப்பு மாவட்டம். மூன்றாவது, சுகாதாரப் பகுதி தருகிற விபரம் கிடைத்தால், எங்கள் பிரிவு. மரணத்தை எழுதும்போது "நேற்று உறுதிப்படுத்தியது" என்று எழுதுவாள், "நேற்று இறந்தவர்கள்" என்று எழுதமாட்டாள். இது சின்னச் சொல் இல்லை. மே, ஜூன் மாதங்களில் வெளிவந்த பட்டியல்களில் பல கிழமைகளுக்கு முன்னர் நடந்த மரணங்களும் சேர்ந்து வந்தன. அதைக் கவனிக்காமல் ஒரே நாளில் இத்தனை பேர் என்று சனம் அலறியது. ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், அதில் பாதி பரிசோதனை முடிவு எப்போது வந்தது என்பதால்தான். அதற்குத்தான் ஏழு நாள் சராசரி.

மாவட்ட வரியைப் படிக்க அவள் ஒரு வழி சொல்லித் தந்தாள், அது எனக்கு மிகவும் பிடித்தது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி எங்கள் மாவட்டத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் அளவில் இருந்தோம், அது நாட்டுச் சனத்தொகையில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. அப்படியென்றால் நாட்டு எண்ணிக்கையை நாற்பதால் பிரித்துப் பாருங்கள். நாட்டில் 4,000 என்றால் எங்கள் பங்கு 100. மாவட்டத்தில் அதைவிடக் கூட வந்தால் நாங்கள் கூடக் கவனிக்கவேண்டும், குறைய வந்தால் பரிசோதனை குறைந்ததா, தொற்றுக் குறைந்ததா என்று கேட்கவேண்டும். நூறு பேரைச் சோதித்து இருபது பேர் என்பதும் ஆயிரம் பேரைச் சோதித்து இருபது பேர் என்பதும் ஒன்றில்லையே. கணக்கென்றாலே ஓடுகிற என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை ஒன்லைன் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன், சதவீதம் அன்றைக்குத்தான் அவர்களுக்கு விளங்கியது.

இன்னொரு குழப்பத்தையும் பலகை தீர்த்தது. எங்கள் பெரியம்மா வீடு கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்பில். அம்பாறை மாவட்டம் என்று செய்தியில் ஒரு எண்ணிக்கை வரும், கல்முனை என்று வேறொன்று வரும், இரண்டையும் கூட்டுவதா, ஒன்றுக்குள் மற்றது இருக்கிறதா என்று அம்மாவும் பெரியம்மாவும் போனில் சண்டை பிடிப்பார்கள். சுகாதார நிருவாகத்தில் கல்முனை தனிப் பிராந்தியம், அம்பாறையின் கரையோரம் அதற்குள் வருகிறது, நிருவாக மாவட்டம் வேறு கணக்கு. இதைப் பலகையின் ஓரத்தில் ஒரு வரியாக எழுதிப் போட்டாள். அன்றோடு சண்டை நின்றது.

மற்றது, இதை எழுதாமல் விட்டால் நான் பாதியைத்தான் எழுதியவளாவேன். இந்த எண்ணிக்கை எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் கை நீட்டுகிற கருவியாகவும் ஆனது. போன நவம்பரில் அக்கரைப்பற்று, வருஷக் கடைசியில் கல்முனையும் காத்தான்குடியும் என்று முஸ்லிம்கள் கூடுதலாக இருக்கிற ஊர்களை ஒவ்வொன்றாக முடக்கியபோது, "அவங்களாலதான் வருது" என்கிற கதை எங்கள் ஒழுங்கைக்குள்ளும் வந்தது. தமிழ் ஊரில் கூடினால் அந்தப் பக்கம் இப்படியே கதைத்திருப்பார்கள். எங்கள் கடைக்கு மொத்தச் சாமான் வருவது காத்தான்குடியில் இருந்து. அங்கே முடக்கம் போட்டதும் எங்கள் ஊரில் பிளாஸ்டிக் வாளியில் இருந்து பிள்ளைகளின் உடுப்பு வரைக்கும் தட்டுப்பாடு. காத்தான்குடி ஆதார வைத்தியசாலையைப் போன வருஷமே கொரோனாச் சிகிச்சைக்கு ஒதுக்கி, வெளி மாவட்ட நோயாளிகளையும் அங்கே வைத்துப் பார்த்தார்கள் என்பதைக் கதைக்கிறவர்கள் மறந்துவிட்டார்கள். கடை வாசலில் ஒருவர் அப்படிக் கதைக்கத் தொடங்கியபோது கடைக்கார அண்ணன், "அண்ணே, நீங்க கையில வெச்சிருக்கிற சோப்பு காத்தான்குடிக் காக்கா கடையில இருந்து வந்தது, வேணாமெண்டா வெச்சிட்டுப் போங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். சோப்பை எடுத்துக்கொண்டு பேசாமல் போனார் அவர். இன்றுவரைக்கும் பலகையில் எந்த ஊரையும் தனியாகக் காட்டி எழுதியதில்லை.

என்னோடு படிப்பிக்கிற ஒருவரின் வாப்பா, அதாவது தகப்பனார், ஜூலையில் தொற்றால் இறந்தார். அவரை ஓட்டமாவடி மஜ்மா நகரில்தான் அடக்கினார்கள். தொற்றால் இறந்தவரை எரிக்கத்தான் வேண்டும் என்று ஒரு வருஷத்துக்குக் கிட்ட நாடு பிடிவாதமாக நின்று, இந்தப் பெப்ரவரிக் கடைசியில்தான் விட்டுக்கொடுத்தது. மார்ச் 5ஆம் திகதியில் இருந்து நாட்டின் எந்த மூலையில் தொற்றால் இறந்தாலும் அடக்குவதற்கு அநேகமாக எங்கள் மாவட்டத்து அந்த மண்ணுக்குத்தான் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள், வேறு சமயத்தவரும் இருக்கிறார்கள். அவர்கள் வீடு இருக்கிற ஏறாவூரில் இருந்து ஓட்டமாவடி தூரம் இல்லை, ஆனாலும் எல்லாரும் போக விடவில்லை, வீட்டில் இருந்து இரண்டு பேர்தான் போனார்கள். "ரீச்சர், அண்டைக்கு ரீவீயில சொன்ன எண்ணிக்கையில ஒண்டு எங்கட வாப்பா" என்று அவர் போனில் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு பலகையில் மரண வரியைப் பார்க்கும்போது நான் அதைக் கூட்டிக் கழிப்பதில்லை.

பக்கத்து வளவில் ஒரு மேசன் குடும்பம் இருக்கிறது. அவர் எண்ணிக்கையைப் பார்க்கிற விதம் வேறு. "குறைஞ்சிட்டா ரீச்சர்? திறப்பாங்களா?" இவ்வளவுதான் கேட்பார். தொற்றுக்குப் பயம் இல்லாத ஆள் என்று நினைக்கவேண்டாம், அவருடைய மச்சான் ஒட்சிசனில் கிடந்து எழும்பினவர். ஆனால் ஐந்து கிழமை வேலை இல்லை, கிடைத்தது 2,000 ரூபாய்க் கொடுப்பனவு ஒன்று. மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் 2,000 ரூபாய் எத்தனை நாளைக்கு என்று நீங்களே பாருங்கள். எண்ணிக்கை இறங்கினாலும் ஊரடங்கு ஏன் நீள்கிறது என்று அவருக்கு விளங்கவே இல்லை. தொற்றுக் குறைந்து கொஞ்ச நாளைக்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக் கட்டில் காலியாகும், மரணம் குறைய இரண்டு மூன்று கிழமை ஆகும் என்று அந்தப் பிள்ளை பலகையில் எழுதினாள். படித்துவிட்டு, "இதை மொதல்லயே ஆராவது சொல்லியிருந்தா நான் நகையை ஒரு கிழமை பிந்தி அடகு வெச்சிருப்பன்" என்றார். விளக்கத்தை நேரத்துக்குச் சொல்லாததால் இப்படிப்பட்ட வீடுகளில் என்ன நடக்கிறது என்று மேலே இருந்து அறிவிக்கிறவர்கள் ஒருநாள் வந்து பார்க்கவேண்டும். நான் ஊரடங்குக்கு எதிரானவள் இல்லை. என் அம்மாவின் உயிர் அதனால் தப்பியிருக்கலாம். ஆனால் நாலு தடவை நீடித்தபோது நாலு தடவையும் கடைசி நேரத்தில் சொன்னது அந்த மேசனுக்குச் செய்த அநியாயம்.

கடையின் கடன் கொப்பியை இங்கேதான் சொல்லவேண்டும். வழமையாக மாசம் 5,000 ரூபாய்க்கு மேல் கடன் இல்லை என்று வைத்திருந்தவர், இரண்டாவது நீடிப்போடு அதை எடுத்துவிட்டார். கூலி வேலைக் குடும்பங்களுக்கும் மீன்பிடிக் குடும்பங்களுக்கும் அரிசி, பருப்பு, மா, தேங்காய் மட்டும் எவ்வளவும் எழுதலாம். சிகரெட்டும் சோடாவும் கடனுக்கு இல்லை. மாசச் சம்பளம் வருகிற எங்களைப் போன்ற ஆக்களிடம், முடிந்தால் முன்காசு தாருங்கள், மொத்தக் கடையில் காசு கட்டித்தான் எடுக்கவேண்டி இருக்கிறது என்று கேட்டார். நான் 10,000 கொடுத்தேன், சாமானாகக் கழித்தார், ஒரு ரூபாய் பிசகவில்லை. ஒவ்வொரு பில்லிலும் மிச்சம் எவ்வளவு என்று எழுதி வரும்.

குறைகளும் இருக்கிறது. ஒருநாள் பலகையில் எங்கள் பிரிவுக்கு ஒரு பெரிய எண்ணிக்கை போட்டுவிட்டார்கள். வட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு படத்தை யாரோ அனுப்ப, பார்க்காமல் எழுதிவிட்டாள். அந்த ஒரு இரவு ஒழுங்கை முழுக்க நடுங்கியது. என் வீட்டில் திரும்பவும் சாப்பாட்டுத் தட்டு தள்ளி வைத்தாயிற்று. அடுத்த நாள் காலை பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுவிட்டு, "நேற்று எழுதியது பிழை, மன்னிக்கவும்" என்று பலகையின் நடுவில் பெரிதாக எழுதி, அதை மூன்று நாள் அழிக்காமல் வைத்திருந்தார்கள். மூன்றாவது வரியில் இப்போது விபரம் உறுதியாகக் கிடைக்காத நாளில் "இல்லை" என்றே எழுதுகிறாள். நல்ல திருத்தம்தான், ஆனால் பிழை விட்ட அந்த இரவை அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறார். மற்றது, ஞாயிற்றுக்கிழமைகளில் பலகை இல்லை. பிள்ளைக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டும், அது நியாயம், ஆனால் சாமான் பட்டியலையாவது யாராவது போடலாம், திங்கட்கிழமை ஓடர் கொடுக்க ஒன்றும் தெரியாமல் இருக்கிறது. குரலில் அனுப்புகிற ஓடர்களில் பிழை வருகிறது, "அரைக்கிலோ" என்றது எனக்கு "ஆறு கிலோ" ஆகி வந்து வெங்காயத்தைத் திருப்பி அனுப்பினேன். எழுதி அனுப்புவது நல்லது. கேஸ் சிலிண்டரை இவர்களிடம் எதிர்பார்க்கவேண்டாம், செய்வதில்லை.

ஊசி விபரமும் பலகையில் வந்தது எனக்கு உதவியது. எந்த இடத்தில், எந்த வயதுக்கு, எந்தக் கிராம சேவகர் பிரிவுக்கு என்று போட்டதால்தான் அம்மாவை வரிசை குறைந்த நேரம் பார்த்துக் கூட்டிப்போய் சினோபாம் இரண்டாவது ஊசியையும் போடமுடிந்தது. ஊசிக்குப் பயந்து இருந்த எதிர்வீட்டு மாமியும் பலகையைப் பார்த்துத்தான் வந்தார். 20 முதல் 29 வயதுக்காரருக்கு இந்த மாசம் தொடங்கியதும், சாமான் கொண்டுவருகிற அந்தப் பொடியனைத்தான் கடைக்கார அண்ணன் முதலில் அனுப்பினார். அன்றைக்குச் சாமான் பின்னேரம்தான் வந்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் இரவு 7 மணி எப்படி என்றால், அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனை வாங்கி முதலில் இடது பக்கம் பார்ப்பார், தேங்காய் என்ன விலை என்று. பிறகு வலது பக்கம். நாற்பதால் பிரிக்க அவருக்கு இப்போது கடதாசி வேண்டாம். நாட்டு மரண எண்ணிக்கை நூறுக்குக் கீழே இறங்கிவிட்டது, தம்பிக்கும் படத்தை அனுப்பிவிடுகிறோம். "அம்மா, இண்டைக்கு உங்கட பக்கம் குறைவு" என்று அவனே எடுத்துச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டுத்தான் மருந்து எடுக்கிறார்.

சாமானுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அரிசியில் கல்லும் தக்காளியும் இல்லையென்றால் நாலரை. நம்பிக்கைக்கு ஐந்து. ஒக்டோபர் முதலாம் திகதி திறந்தபிறகும் பலகை தொடருமா என்று கேட்டேன், பரீட்சைத் திகதி சொல்லும்வரைக்கும் எழுதுவேன் என்றாள். நாளைக்குச் சனிக்கிழமை, மாசிக் கருவாடும் புதுத் தூளும் வருகிறதாம். 8 மணிக்கு முதல் அனுப்புங்கள், எழுதி அனுப்புங்கள்.